என் சைக்கிளுக்கு எஃப்.சி. ஆன கதை

சனிக்கிழமை காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு வெள்ளிச் சக்கரங்கள். அடுத்து, அவற்றின் மேல் மாம்பழ மஞ்சளில் ஒரு சைக்கிள். எவனோ நம் வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான் என்ற எரிச்சலில் நகர்த்தப் போனேன். கையில் மஞ்சள் ஒட்டியது. சீட்டில் இருந்த கிழிசல் என்னுடையது. (சைக்கிளின் கிழிசலைச் சொல்கிறேன்.)

முந்தின நாள் மாலைவரை அது கறுப்பு. ரேஸ் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டிரையத்லான். நீந்த வேண்டும், சைக்கிள் ஓட்ட வேண்டும், பிறகு கால் இருந்தால் ஓட வேண்டும். நான் பெயர் கொடுத்திருந்தேன். என் மகள் மூன்று வயதுவரை நடக்கவில்லை. அவளை நடக்க வைத்த பிசியோதெரபி மையத்துக்கு நன்கொடை திரட்டத்தான் இந்தப் பந்தயம். ‘எங்கப்பா ரேஸ்ல ஓட்டப் போறாரு’ என்று தெரு முழுக்க அவள் சொல்லி முடித்திருந்தாள். பின்வாங்க வழியில்லை.

சனி மாலை ஐந்து மணிக்குள் சைக்கிளைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். இதை என் மனைவியின் தம்பி தேவாவிடம் வெள்ளிக்கிழமை சொன்னேன். “நாளைக்கு வண்டியச் செக் பண்ணுவாங்க. கொஞ்சம் எண்ணெய் போட்டுக் கொடு மச்சான்.” எண்ணெய் என்றுதான் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன்.

தேவாவுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் வேலை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்களை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுப் பரிசோதனைக்கு, தயார் செய்கிற இடம். அங்கே செக்கிங் என்றால் உடம்பு முழுக்கப் புதுப் பெயிண்ட், ரிம்முக்கு சில்வர், பின்னால் சிவப்பு ஸ்டிக்கர், ரப்பர் மட்கார்டு. ஒன்றையும் அவன் விடவில்லை. ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. திண்ணையில் காத்திருந்தவன் எழுந்து வந்தான்.

“எப்டி கீது மாமா? ரெண்டு கோட்டு. இத்த எவனாச்சும் ரிஜக்ட் பண்ணுவானா?”

“இது ரேஸ் சைக்கிள்டா. லாரியா?”

“லாரியா இருந்தா இன்னும் சோக்கா பண்ணிருப்பேன். இதுல எங்க எடம் கீது?”

என் மனைவி செல்வி வெளியே வந்தாள். அநியாயத்தைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தது என்று நினைத்தேன். “புள்ள ஆசையா பண்ணிக்கினு வந்துகீறான், மூஞ்சியப் பாரு இவரு மூஞ்சிய” என்றாள். திட்டு எனக்கு, காப்பி அவனுக்கு.

பெயிண்ட் காயவில்லை, ஏறி ஓட்டக் கூடாது என்று தேவா தடை போட்டான். எனவே மதியம் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைப் பிடித்து, சைக்கிளை ஏற்றி, அது சாயாமல் நான் பிடித்துக்கொண்டு நின்றபடி போனோம். தேவா தன் பழைய சைக்கிளில் பின்னால் வந்தான். திருவொற்றியூர் நெடுக வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரிகளிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. “இன்னா மாமு, வண்டி ரிப்பேரா, ஆளு ரிப்பேரா?”

பள்ளி மைதானத்தில் தொப்பி போட்ட ஒரு பெண் பரிசோதித்தார். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினார். சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றியது.

லாரியில் பிரேக் டிரம்முக்குள் இருக்கிறது. ரிம்மில் எதைப் பூசினாலும் வண்டி நிற்கும். என் சைக்கிளில் பிரேக் கட்டை பிடிப்பதே ரிம்மைத்தான். ரிம்மில் இரண்டு கோட்டு.

“பிரேக் பிடிக்கல சார். அனுமதிக்க முடியாது.”

“இன்னும் ரெண்டு தபா அமுக்குங்க மேடம்,” என்றான் தேவா. “புது பெயிண்டு, கூச்சப்படுது.”

“ரிம்முல யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?”

“ஆர்.டி.ஓ.வே கேக்காத கேள்விய நீங்க கேக்கறீங்களே!”

மைதானத்து ஓரத்தில் குந்தி, தேவா பையில் வைத்திருந்த தின்னரை ஊற்றிப் பெயிண்டைக் கரைத்துத் துடைத்தோம். முன்சக்கரம் தேறியது. பின்சக்கரத்தில் தேவா தாராளமாக ஊற்றியதில் பிரேக் ரப்பரே ஊறிக் கொழகொழத்துவிட்டது. ஐந்து மணிக்கு விசில் அடித்தார்கள். மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

“குழுவாவும் கலந்துக்கலாம் சார். நீங்க நீந்துங்க, ஓடுங்க. சைக்கிளுக்கு வேற ஆள், வேற வண்டி இருக்கா?”

அவர் பார்வை தேவாவின் சைக்கிள் மேல் போயிற்று. துரு, கேரியர், ஒரு பெடலில் ரப்பர் போய் வெறும் தண்டு மட்டும். பிரேக்கை அழுத்தினார். க்ரீச்சென்று நின்றது. எண் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

“வண்டியக் குடு, நானே ஓட்டிக்கறேன்,” என்றேன். ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தவன் நான்.

“உனுக்கு இது ஒத்து வராது மாமா. செயின் கயண்டுக்கும். நீ தண்ணில வுழுந்து எந்திரி, மீதிய நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டினான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. என் மகள் தொண்டை கிழியக் கூப்பிட்டது ‘மாமா’ என்று. நான் மூச்சிரைக்க ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டபோது அவள் மாமாவுடன் குச்சி ஐஸ் வாங்கப் போயிருந்தாள்.

இன்றும் கல்யாணத்துக்குக் கிளம்ப நான் சட்டை மாற்றினால், “எஃப்.சி. ஆயிடுச்சா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். மனைவி, மகள், வந்திருந்தால் தேவா, மூன்று பேரும் கேட்பார்கள்.

குழு என்பதால் ஒரு மெடல்தான் கொடுத்தார்கள். அது தேவா வீட்டில் இருக்கிறது.