மாமியார் கை பட்ட வண்டி

“கீச் சத்தம் நின்னுடுச்சு, பாத்தீங்களா!” என்று பல் டாக்டர் பானெட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள்.

“நின்னுடுச்சு. ஆனா இங்க ஒரு சிவப்பு லைட் எரியுதே,” என்றான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த கணவன்.

“எரியட்டும். சத்தம் போடலையில்ல?”

ஃபேன் பெல்ட்டில் தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தாள். கீச்சிடுகிற எதற்கும் எண்ணெய்தான் மருந்து என்பது அவள் கட்சி. பெல்ட் இப்போது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவது என்பது அந்தக் குடும்பத்தில் நாக்கில் நரம்பில்லாதவர்கள்கூடப் பேசாத பேச்சு. மாமியார் தன் கையாலேயே ரிப்பேர் பார்ப்பவர். கராஜ் கதவைச் சாத்திக்கொள்வார், ரேடியோவை அலறவிடுவார், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு, “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரேன்” என்று கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். வண்டி பூனை மாதிரி வந்து நிற்கும். இடது கன்னத்தில் ஒரு கிரீஸ் தீற்றலோடு மாமியார் இறங்கி, “அப்பாடா!” என்பார். சொந்தக்காரர்கள் வாயடைத்துப் போவார்கள்.

அந்தக் கை இப்போது மாவுக்கட்டில் இருந்தது. கட்டைப் பிரிக்க மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். போகிற போக்கில் வாசலில் நின்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

“இனிமே நான் ஓட்டப்போறதில்ல. தன் கையால ரிப்பேர் பாக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் இந்த வண்டி. கீச்சுன்னு ஒரு சத்தம் வருது. நான் சாயங்காலம் வரதுக்குள்ள சரிபண்ணிட்டா மருமக வச்சுக்கட்டும். இல்லேன்னா என் பொண்ணு கொண்டுபோகட்டும்.”

நாத்தனார் அப்போதே வண்டியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பல் டாக்டரின் கிளினிக் ஊரின் மறுகோடியில் இருந்தது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், அந்த நடுக்கம் தீராத கையால் பல் பிடுங்குவது யாருக்கும் நல்லதில்லை. வண்டி அவளுக்கு வேண்டும், அவ்வளவுதான். தைரியத்துக்கும் அவளிடம் பஞ்சமில்லை. கடைவாய்ப் பல்லையே அசைத்துப் பிடுங்குகிற கைக்கு ஒரு நட்டு எம்மாத்திரம்? பானெட்டின் வலது ஓரத்தில் ஒரு குத்து விட்டால்தான் அது திறக்கும் என்ற குடும்ப ரகசியம்கூட அவளுக்குத் தெரியும்.

“பெல்ட்டை இறுக்கிட்டா சிவப்பு லைட்டும் போயிடும்,” என்றாள்.

பேட்டரி குறுக்கே நின்றது. கழற்றினாள். பெல்ட்டைக் கை வலிக்குமட்டும் இறுக்கினாள். பேட்டரியைத் திரும்ப மாட்டிய அடுத்த நொடி வண்டி ஊரைக் கூட்டியது. திருட்டு அலாரம்.

“நம்ம வண்டியே நம்மளத் திருடங்கன்னு சொல்லுதே!” கணவன் காதைப் பொத்திக்கொண்டான். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“ஃபியூஸைப் பிடுங்கினா நின்னுடும்.”

“எந்த ஃபியூஸ்?”

“எது ஆடுதோ அது.”

எல்லாமே ஆடின. பிடுங்கிப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டாள். பெட்டி ஏறக்குறையப் பொக்கையான பிறகுதான் அலாரம் அடங்கியது. திரும்பச் சொருகும்போது எது எங்கே இருந்தது என்ற கேள்வி வந்தது. பல்லுக்காவது மேல்வரிசை, கீழ்வரிசை என்று ஒரு நியாயம் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. நிறம் பார்த்து, கண்ணுக்கு லட்சணமாக அடுக்கிவிட்டாள்.

சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சுக்கூட விடவில்லை. கிண்ணத்தில் ஒரு நட்டு வேறு கிடந்தது.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

“கூடுதலா ஒண்ணு போட்டிருப்பாங்க,” என்றாள்.

கணவன் தயங்கித் தயங்கி, “பேசாம ஷெட்டுக்கே கொண்டுபோயிடலாமா?” என்றான்.

“உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா?”

“பின்சந்து வழியாத் தள்ளிக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியப்போகுது?”

கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன முதல் உருப்படியான யோசனை அதுதான். மரக்கடைக்குப் பின்னால், ஒளிந்துகொண்டாற்போல் ஒரு ஷெட் இருந்தது. வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மெக்கானிக் வாய்த்துடுக்கான ஆள். வண்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பானெட்டின் வலது ஓரத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டுத் திறந்தார். கைராசிக்காரர்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“யாரும்மா ஃபியூஸை ரிப்பன் கடை மாதிரி அடுக்கி வச்சது?”

“நான்தான். கேள்வியெல்லாம் கேக்காம சரிபண்ணுங்கண்ணே.”

அவர் புது பெல்ட்டை மாட்டி, ஃபியூஸ்களை அதனதன் இடத்தில் வைத்தார். அநாதை நட்டுக்கும் பேட்டரிக்கு அடியில் ஒரு வீடு கிடைத்தது. சாவியைத் திருப்பியதும் வண்டி முனகாமல் கிளம்பியது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. குழாயடியில் கையையும் முகத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, நாங்க இங்க வந்தது யாருக்கும் தெரிய வேணாம். எங்க அத்தை ஒத்தை ஆளா எல்லா ரிப்பேரையும் பாப்பாங்க. நான் என்னடான்னா...” அவளுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

மெக்கானிக் உள்ளே போய் ஒரு கிரீஸ் டப்பாவோடு திரும்பி வந்தார்.

“இப்படிப் பளிச்சுன்னு போய் நின்னா யாரு நம்புவாங்க, டாக்டரம்மா? இடது கன்னத்துல கொஞ்சம் தீத்திக்கிட்டுப் போங்க. உங்க மாமியார் ஒரு தடவைகூட இதை மறந்ததில்ல.”