உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?

ஸ்கிப்டன்,
செவ்வாய்க்கிழமை, மழை.

அன்புள்ள அக்கா ஈனிட்டுக்கு,

உன் தம்பி நார்மன் எழுதிக்கொண்டது. நான் நலம். உன் முட்டிவலியும் பூனையும் எப்படி என்று அறிய ஆவல். நான் நலம் என்றதை நம்பாதே. நம் ஊரில் கால் முறிந்து கிடப்பவனும் ‘ஃபைன்’ என்றுதானே சொல்வான்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து ஒரே சொல்லுக்கு எதிரெதிர் அர்த்தம் வருகிற சொற்களைப் பொறுக்கி நோட்டில் எழுதி வருகிறேனே, தெரியுமல்லவா? சோபாவை ‘டஸ்ட்’ செய்தால் தூள் போகும், கேக்கை ‘டஸ்ட்’ செய்தால் தூள் சேரும். கிளம்பிப் போனவனும் ‘லெஃப்ட்’, மிஞ்சிக் கிடப்பவனும் ‘லெஃப்ட்’. இதையெல்லாம் சர்ச் பத்திரிகைக்குக் கொடுத்தேன். பாதிரியார், “ரொம்ப இன்ட்ரஸ்டிங், நார்மன்” என்றார். அப்படியென்றால் குப்பைக்கூடைக்குப் போயிற்று என்று அர்த்தம். அந்த நோட்டைக் கடைசிவரை படித்துச் சிரித்த ஒரே ஜீவன் பக்கத்து வீட்டு மிசஸ் கிளெக்தான். கணவரை இழந்தவர். பதினொரு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

அந்த அம்மாள் வருகிற சனிக்கிழமை வீட்டைக் காலி செய்துவிட்டு, கனடாவில் இருக்கும் மகனிடமே போய்விடப் போகிறார். கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டை கட்டிக்கொண்டு வேலியோரம் போய் நின்றேன். மழை வரும்போலிருக்கிறது என்றேன், வரும்போலத்தான் இருக்கிறது என்றார், இப்படியே கால் மணி நேரம் ஓடியது, பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, “மிசஸ் கிளெக், கனடாவெல்லாம் வேண்டாம். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கயே இருந்துடுங்களேன்!” என்று கொட்டிவிட்டேன். அவர் முகம் சிவந்துபோய், “ஐயோ, வேண்டாங்க மிஸ்டர் பிக்கர்ஸ்கில். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?” என்றார். நான் ‘சாரி’ என்றேன். அவரும் ‘சாரி’ என்றார். நான் இன்னொரு ‘சாரி’ சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினேன்.

இரண்டு நாளாக உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. திரைச்சீலையை விலக்குகிறேன், மூடுகிறேன், கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறேன், அந்தப் பக்கம் அவர் பெட்டி நகர்த்துகிற சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கிறது, அக்கா. இதைச் சொல்ல எனக்குப் பதினொரு வருஷமா? நான் ஒரு மடையன். இனி இந்த ஊரில் எந்த மூஞ்சியோடு நடமாடுவேன்? வெள்ளிக்கிழமை ரயிலில் உன்னிடமே வந்துவிடுகிறேன், நிரந்தரமாக. பின்பக்க அறையை ஒழித்து வை.

கர்த்தர் உன் முட்டிகளைக் காப்பாராக. பூனைக்கு என் மரியாதைகள்.

இப்படிக்கு,
நொந்துபோன உன் தம்பி
நார்மன்

பி.கு.: தபாலில் போடக் கதவைத் திறந்தால், வாசலில் மிசஸ் கிளெக், குடைகூட இல்லாமல்! “ஏங்க, ஒரு கப் டீ குடிக்கக் கூப்பிட்டாலே ரெண்டு தடவை வேண்டாம்னுட்டு, மூணாவது தடவைதானே சரிங்கறது மரியாதை? கல்யாணத்துக்கு ஒரே தடவை கேட்டுட்டு ஓடிட்டா நான் என்னத்தைப் பண்ண? ரெண்டு நாளா பெட்டியைக் கட்டறேன், அவுக்கறேன்!” என்று பொரிந்தார். அங்கேயே இரண்டாம் தடவை கேட்டேன். “வேண்டாங்க, உங்களுக்குச் சிரமம்” என்றார் முறைப்படி. அறையை ஒழிக்காதே, அக்கா. மூன்றாம் தடவை நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே “சரி” என்று கத்திவிட்டார். அறுபத்தெட்டு வயதில் மரியாதை தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், வந்து வாழ்த்து.