முக்கால் இஞ்ச் எல்போ

அனந்தபத்மநாபன் ஏணியில் நின்றபடி, குழாய் வளைவில் மாட்டியிருந்த எல்போவை முறைத்தார். எல்போ அவர் முகத்தில் துப்பியது.

"நின்னுடுத்தா?" என்று கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கோமளம் கேட்டாள்.

"நின்னா சொல்ல மாட்டேனா?"

"சைக்கிள் டியூப் சுத்தினா நிக்கும்னேளே?"

"நின்னுது. சுத்தின இடத்துல நின்னுது. இப்போ டியூப்புக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வர்றது."

ஜோகுபாளையத்தில் அவர் வீட்டுக்கும் எத்திராஜ் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. ஒல்லியான ஆள் பக்கவாட்டில் நகரலாம். இரண்டு வீட்டுக் குழாய்களும் அதில் கொத்தாக இறங்கின. எது எங்கே போகிறது என்பது போட்டவர்களுக்கே மறந்திருக்கும். ஒழுகிய குழாய் அனந்தபத்மநாபனின் சுவரை ஒட்டி வந்து சன்ஷேடுக்குப் பின்னால் மறைந்தது. சுவர் அவருடையது, ஆகவே குழாயும் அவருடையது. குப்பைத் தொட்டி, மாமரக் கிளை, வண்டி நிறுத்துவது என்று எதிலும் ஒத்துப்போகாத இரண்டு வீட்டாரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

எல்போ துப்பிய தண்ணீர் சந்தைத் தாண்டி எத்திராஜின் சுவரில் விழுந்தது. அந்தச் சுவருக்கு அவர் அப்போதுதான் பிஸ்தா பச்சை அடித்திருந்தார். ஈரம் பட்ட இடம் நாளுக்கு நாள் பாசிப் பச்சையாகிக்கொண்டிருந்தது.

"சார், ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்று எத்திராஜ் சொல்லியிருந்தார். "அப்பவும் ஒழுகிச்சின்னா, மேலருந்து கீழ வரைக்கும் தகர ஷீட் அடிச்சிடுவேன். ஆள்கிட்ட சொல்லியாச்சி."

தகரம் வந்தால் கோமளத்தின் சமையலறை ஜன்னல் செத்தது. அந்த அறைக்கு இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான். காலையில் காபி கலக்கும்போது ஒரு கீற்று வெயில் அடுப்பு மேடையில் விழும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த வெயில் ஒன்றுதான் என்று அவள் நினைத்தாள், வெளியே சொன்னதில்லை.

"ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுடுங்கோளேன்" என்று மட்டும் சொன்னாள்.

"நான் யாரு?" என்றார் அனந்தபத்மநாபன்.

இந்தக் கேள்விக்குக் கோமளம் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருஷங்களாகிவிட்டன. அவரே சொன்னார். "நீர்ப்பாசன இலாகாவுல எக்ஸிக்யூடிவ் இன்ஜினியர். எத்தனை மதகைத் திறந்து மூடினவன். முக்கால் இஞ்ச் குழாய்க்கு ஆள் கூப்பிடணுமா?"

அவர் மதகுகளைத் திறந்ததும் மூடியதும் கையெழுத்தில்தான். ஆனால் கையெழுத்து ஒருபோதும் ஒழுகியதில்லை.

எல்போவையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார். மொட்டை மாடிக்குப் போய்த் தன் டேங்கின் வால்வை இறுக்கி மூடிவிட்டு வந்தார். ஏணியில் ஏறினார். எல்போ முன்பைவிட உற்சாகமாகத் துப்பியது.

உள்ளேயிருந்து கோமளம் குரல் கொடுத்தாள். "ஏன்னா, கிச்சன்ல தண்ணி நின்னுபோச்சே!"

"அங்கே நின்னுடுத்தா?"

"சொட்டுகூட இல்லை."

அனந்தபத்மநாபன் யோசித்தார். "வால்வும் டூப்ளிகேட்! கிச்சனுக்கு நிறுத்தறது, எல்போவுக்கு நிறுத்த மாட்டேங்கறது."

"ஒரே வால்வு அப்படிக்கூடப் பண்ணுமா?"

"பித்தளை பண்ணாது. பிளாஸ்டிக் பண்ணும்."

மேலே எத்திராஜின் மாடிப் போர்ஷன் ஜன்னல் திறந்தது. அங்கே குடியிருந்த க்ளென் தோளில் துண்டோடு எட்டிப் பார்த்தான். ஏணி அவனுடைய குளியலறை ஜன்னலுக்கு நேராக இருந்தது. அனந்தபத்மநாபனின் தலையும் அப்படியே.

"அங்கிள், எப்ப இறங்குவீங்க? குளிக்கணும்."

"குளியேன். நான் என்ன பண்றேன்?"

"நீங்க பாத்துட்டே இருக்கீங்களே அங்கிள்."

"நான் எல்போவைப் பார்க்கறேன்!"

க்ளென் ஜன்னலைச் சாத்திக்கொண்டான். அன்றும் மறுநாளும் ஆபீஸ் ஜிம்மிலேயே குளித்தான்.

வால்வு பாதிதான் வேலை செய்கிறது என்று தீர்மானித்துவிட்டதால், அனந்தபத்மநாபன் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே குழாயை அறுத்தார். வெட்டுப்பட்ட குழாய் பீறிட்டது. அவர் தொப்பலாக நனைந்தார், எத்திராஜின் பிஸ்தா பச்சையும் நனைந்தது. கையில் கிடைத்த துணியைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தார். அது கோமளத்தின் சமையலறைத் துண்டு. அதை அவள் கவனித்தாள். துணியையும் மீறித் தண்ணீர் கசிந்தது.

புது எல்போ வெளிர்மஞ்சள் நிறத்தில் இருந்தது, குழாயோ சாம்பல் நிறம். சொல்யூஷனைத் தாராளமாகத் தடவி, செருகி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிவிட்டுக் கையை எடுத்தார். எல்போ ஒரு கணம் நின்றது. பிறகு பறந்துபோய் எத்திராஜின் சுவரில் மோதி, பெயின்ட்டில் ஒரு பிறை வடிவத் தடத்தைப் பதித்துவிட்டு விழுந்தது.

எத்திராஜ் வெளியே வந்து பிறையைப் பார்த்தார். "இன்னா சார், ஒழுகுறதைக் கேட்டா கல்லெறியிறீங்க?"

"பீஸ்ல ஃபால்ட் மிஸ்டர் எத்திராஜ்! இந்தக் காலத்துப் பிளாஸ்டிக்!"

"உங்க பைப்பு, உங்க பிளாஸ்டிக்கு. யார் பைப்போ அவங்கதான் பொறுப்பு. நியாயம் அவ்ளோதான் சார்."

"அந்த நியாயத்தை நான் ஒத்துக்கறேன்!" என்றார் அனந்தபத்மநாபன், சொட்டச் சொட்ட.

குழாயில் மறுபடி துணியைத் திணித்துவிட்டு, விழுந்த எல்போவை எடுத்துக்கொண்டு சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினார். ஹார்டுவேர் கடை ராஜேஷ்குமார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், இது சுடுதண்ணி லைனுக்குப் போடறது. உங்க பைப் சாதா பைப். சைஸ் சேராது."

"முக்கால் இஞ்ச்னு இதுலேயே போட்டிருக்கே?"

"அதுவும் முக்கால், இதுவும் முக்கால். ஆனா சேராது சார்."

"அப்போ அது ஃபால்ட் இல்லாம என்ன?"

ராஜேஷ்குமார் ஒரு வியாபாரி. சரியான எல்போவையும், கூடவே ஒரு புது வால்வையும் எடுத்து வைத்தான். "ஒட்டினப்புறம் ஒரு ராத்திரி தொடாதீங்க சார். மூணு எண்ணினா பத்தாது."

அன்று மாலையே வால்வை மாற்றினார். பழைய வால்வைக் கழற்றியதும் டேங்கில் இருந்த தண்ணீர் முழுவதும் மொட்டை மாடியில் இறங்கி, படிக்கட்டு வழியாக ஹாலுக்கு வந்தது. சோபாவின் கால்கள் நனைந்தன. கோமளம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தோடு நின்றாள். "கோடைக் காலத்துல ஒரு டேங்க் தண்ணி" என்றாள்.

ஆனால் சனிக்கிழமை காலை ஏணியில் ஏறியபோது, துணியில் கசிவே இல்லை. துணியை உருவினார். அறுத்த குழாய் காய்ந்து கிடந்தது.

"பார்த்தியா கோமளம்! புது வால்வு! ஒரு சொட்டு உண்டா?"

கோமளமும் பார்த்தாள், அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டாள்.

அவர் கேட்டது கேசரிப் பவுடர்.

"எதுக்குன்னா?"

"டை டெஸ்ட். கால்வாய்ல கசிவு கண்டுபிடிக்கச் சாயத் தண்ணி விடுவோம். கீழ்க்குழாய்ல கேசரிப் பவுடரைக் கரைச்சு ஊத்திட்டு மூடிடறேன். நாளைக்கு அந்த மனுஷன் எதிர்லேயே தண்ணி விடுவேன். மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் சுவத்துல ஆரஞ்சாத் தெரியும். இல்லேன்னா நம்ம கிச்சன் குழாய்ல ஆரஞ்சு வரும். அதுக்கப்புறம் அவராலே வாயைத் திறக்க முடியுமா?"

முழு டப்பாவையும் கரைத்து ஊற்றினார். சரியான எல்போவை ஒட்டினார். அன்றிரவு முழுக்க அதைத் தொடவில்லை. உத்தியோகக் காலத்தில்கூட அவர் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, எப்படியோ காலியாகிவிட்ட டேங்கை நிரப்ப எத்திராஜ் வீட்டு மோட்டார் வெகுநேரம் ஓடியது. அது நின்றதும் தகர ஷீட்டுகளோடு ஆட்டோ வந்தது. இரண்டு ஆட்கள் ஷீட்டுகளைச் சந்தின் வாயில் சாய்த்து வைத்தார்கள். சமையலறை பாதி இருட்டாயிற்று.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றார் எத்திராஜ்.

"ஒரு நிமிஷம்." அனந்தபத்மநாபன் மாடிக்கு ஓடி வால்வைத் திறந்துவிட்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார். ஏணியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். எல்லோரும் எல்போவைப் பார்த்தார்கள். எல்போ சும்மா இருந்தது.

மாடி ஜன்னல் திறந்தது. "அங்கிள், வேலை முடிஞ்சுதா? சர்ச்சுக்குப் போகணும். குளிக்கலாமா?"

"தாராளமாக் குளிப்பா!" என்றார் அனந்தபத்மநாபன் வெற்றிக் களிப்பில்.

எத்திராஜ் சுவரைத் தடவிப் பார்த்தார், விரலை முகர்ந்தும் பார்த்தார். "ஒழுகல. ஒத்துக்கறேன்."

"ஆரஞ்சு உண்டா?"

"இல்ல."

"கோமளம், குழாயைத் திற! ஆரஞ்சா வரும்!"

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "வெள்ளையாத்தான் வர்றதுன்னா."

"நன்னாத் திற. குழாய் நீளம்."

"திறந்துதான் இருக்கேன். வெள்ளையாவேதான் வர்றது."

எத்திராஜுக்கு ஆரஞ்சில் அக்கறை இல்லை. "ஒழுகுறது நின்னாச்சி, சரி. இத்தனை நாள் என் சுவரு பாழானதுக்கு? பாசி பிடிச்சிது, பிறை விழுந்துது. நான் நஷ்டஈடு கேக்கல சார். ஒரு வார்த்தை கேக்கறேன். மன்னிப்புனு ஒரு வார்த்தை. சொல்லுங்க, ஷீட்டைத் திருப்பி அனுப்பறேன்."

அனந்தபத்மநாபன் வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. மேலதிகாரிகளிடம்கூட 'வருந்துகிறேன்' என்று எழுதித்தான் கொடுத்திருந்தார். ஷீட் ஆட்களைப் பார்த்தார். சந்து ஜன்னலைப் பார்த்தார். கம்பிகளுக்கு அந்தப்புறம் கோமளம் நின்றிருந்தாள். பாதி முகத்தில் வெயில், பாதி முகத்தில் தகரத்தின் நிழல். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"எத்திராஜ்..." என்றார். "என் வீட்டுக் குழாயாலே உங்க சுவர் கெட்டுப்போச்சு. தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கோங்கோ."

எத்திராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. அவருக்குக் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. "விடுங்க சார். பக்கத்து வீட்டுக்காரங்க நாம. யார் பைப்போ அவங்க பொறுப்பு ஏத்துக்கணும்னு சொன்னேன், நீங்களும் ஏத்துக்கிட்டீங்க. அதுதான் பெரிய மனுஷத்தனம். நானா இருந்தாலும் இதையேதான் பண்ணியிருப்பேன்." ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார். "ஷீட்டை ஏத்துங்கப்பா."

ஷீட்டுகள் நகர்ந்தன. சமையலறை மேடையில் வெயில் விழுந்தது.

அப்போது மாடிக் குளியலறை ஜன்னல் படாரென்று திறந்தது. தலைமுடி, முகம், கழுத்து, தோள் எல்லாம் கேசரி நிறத்தில் சொட்ட, க்ளென் எட்டிப் பார்த்தான்.

"எத்திராஜ் அங்கிள், நம்ம ஷவர்ல ஏன் ஆரஞ்சு கலர்ல தண்ணி வருது?"