தூக்குக்குண்டு கேட்ட லைசென்ஸ்

காரைக்காலில் தூக்குக்குண்டுவின் சம்மதம் இல்லாமல் ஒரு சுவரும் நிமிர்ந்து நின்றதில்லை. சாய்ந்து நின்ற சுவர்கள் எல்லாம் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டேதான் நின்றன.

சுவர் நேராக ஏறுகிறதா என்று பார்க்க, கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டுதான் அவருடைய பட்டப்பெயர். மற்ற மேஸ்திரிகள் அதை வேலை முடிந்ததும் சாக்குப் பையில் போட்டுவிடுவார்கள். இவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் போவார். அந்தக் கனத்தில் அவருடைய எல்லாச் சட்டைகளும் இடது பக்கம் இறங்கியிருக்கும். உலகத்தை நேர் பார்த்த மனிதர், தான் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார்.

டீக்கடைக்குப் போனால் முதலில் குண்டைத் தொங்கவிடுவார்.

"இந்தச் சுவத்துக்குக் கீழ உக்காந்து டீ குடிச்சா, அதான் கடைசி டீ."

"யோவ், குடிச்சதுக்குக் காசை வச்சிட்டுப் போய்ச் சேருய்யா!" என்பார் கடைக்காரர்.

சொந்தக்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பக்கத்தில் நூலைப் பிடித்து, "வலப்பக்கம் சாயிறாரு" என்றார். பெண் வீட்டார் அடிக்கப் பாய்ந்தார்கள். கிட்டே போய் மோந்து பார்த்தபோது மாப்பிள்ளை நன்றாகக் குடித்திருந்தது தெரிந்தது. ஒருநாள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பீடத்துத் தூணை நேர் பார்த்தார். சாமியார் கோபமாக, "முதல்ல உன் ஆத்துமாவை நேர் பாருப்பா" என்றார். "அதுக்கு நூலு பத்தாது சாமி" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், டிப்ளமா முடித்த கையோடு நான் அரசுக் கட்டட அலுவலகத்தில் ஓவர்சீயராகச் சேர்ந்தேன். முதல் நாளே என் மேசையை நேர் பார்த்து, ஒரு காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்தார். "ஓவர்சீயரம்மா, இனிமே நீங்க போடுற கையெழுத்து சாயாது."

அவர் வந்த வேலை அது அல்ல. அரசாங்க ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், கடைசி வகுப்பாக இருந்தாலும் சரி என்றார். தேவையானவற்றை வரிசையாகச் சொன்னேன். ஒன்று, சொத்து மதிப்புக்குத் தாசில்தார் சான்று. இரண்டு, வருமான வரிச் சான்று. மூன்று, நன்னடத்தைச் சான்று. நான்கு, ஏற்கெனவே கட்டிய கட்டடங்களுக்கு அனுபவச் சான்று.

நான்காவதில் அவர் முகம் மாறியது.

அவர் கட்டிய கட்டடங்கள் அம்பகரத்தூரிலிருந்து கடற்கரை வரை நின்றன. காகிதத்தில் அவர் ஒரு செங்கல்லைக்கூட அடுக்கியதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. பதிவு உள்ளவர் டெண்டர் எடுப்பார். வேலையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு, பில் வாங்க மட்டும் வருவார். கட்டடம் எழும்பும்போது அவருக்கு அங்கே வேலையில்லை, திறப்பு விழாவில் மாலை அவருக்கு. தூக்குக்குண்டுவை அப்படி வைத்திருந்தவரை ஊரில் லைசென்ஸ்காரர் என்றே சொல்வார்கள்.

"பதிவு இருந்தாதான் எம்பேர்ல வேலை குடுப்பீங்க. எம்பேர்ல வேலை இருந்தாதான் பதிவு குடுப்பீங்க. அப்படித்தானேம்மா?"

"அப்படித்தாங்க."

"நல்லா கட்டியிருக்காங்க. எந்தப் பக்கமும் வாசல் இல்லே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் எல்லாச் சான்றுகளோடும் வந்தார். நான்காவதாக வைத்திருந்த காகிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அது ஒரு விசாரணை அறிக்கையின் நகல். நான் வேலைக்கு வருவதற்கு முன், ஒரு புயலில் பட்டினச்சேரி மீன் ஏலக் கொட்டகையின் சுவர் விழுந்தது. மழைக்கு ஒதுங்கியிருந்த வலைக்காரர் ஒருவர் செத்துப்போனார். விசாரணையில் லைசென்ஸ்காரர், "நான் அந்தப் பக்கமே போகலீங்க, முழுக்க இந்த மேஸ்திரிதான் கட்டினாரு" என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்திருந்தார். பழி புயலின் மேல் போய் விசாரணை முடிந்துவிட்டது. தூக்குக்குண்டு கட்டினார் என்று அரசாங்க முத்திரையோடு சொல்லும் ஒரே காகிதம் அதுதான்.

"இதை வைக்காதீங்க. இது விழுந்த கட்டடம்" என்றேன்.

"விழுந்ததும் நான் கட்டினதுதானேம்மா. நின்னதுக்கெல்லாம் அவரு பேரு. விழுந்ததுக்கு எம்பேரு. இருக்கறதத்தானே வைக்க முடியும்?"

எவ்வளவோ சொன்னேன், எடுக்க மறுத்துவிட்டார்.

நேர்காணல் பாண்டிச்சேரியில். எங்கள் அலுவலகக் கோப்புகளை எடுத்துக்கொண்டு நானும் அதே பஸ்ஸில் போனேன். சிதம்பரம் தாண்டும்வரை கம்பியில் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். "டிரைவரு நல்லவரு. ரோடுதான் சரியில்லே" என்று முடிவு சொன்னார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடுவேன் என்று மிரட்டிய பிறகுதான் உள்ளே வைத்தார்.

பெரிய எஞ்சினியர் அறிக்கையைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஏன் விழுந்துச்சு?"

"சிமெண்ட் கம்மிங்க. மணலும் உப்பு மணலு."

"புயலுன்னுதானே இதுல போட்டிருக்கு?"

"புயல்ல பக்கத்துக் குடிசையே நின்னுச்சுங்களே."

"சிமெண்ட் கம்மின்னு அப்பவே தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா கட்டினே?"

"நிறுத்துன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லீங்க ஐயா. வேலையை விட்டுட்டு வந்திருக்கலாம். வரலே. செத்துப்போன ஆளு வீட்டுக்காரம்மா மார்க்கெட்டுல மீன் விக்கிது. நான் அந்தப் பக்கம் போறதில்லே. இனிமே ஒரு சுவத்தை நிறுத்தணும்னா நானே நிறுத்தணும். அதுக்குத்தான் லைசென்ஸ் கேக்குறேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். வேலையை நிறுத்துவதற்காக லைசென்ஸ் கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். முன் அனுபவம் திருப்திகரமாக இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

அவர் மறுபடியும் லைசென்ஸ்காரரிடமே வேலைக்குப் போனார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. திருவேட்டக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சாரம் கட்டிய கயிறு மக்கியிருக்கிறது, மாற்றுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். நாளைக்குப் பார்க்கலாம் என்று லைசென்ஸ்காரர் சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானமே சாரம் அறுந்தது. தூக்குக்குண்டு நேராகக் கீழே வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

நஷ்டஈட்டு விசாரணைக்கு, அந்த வேலையைப் பார்த்த ஓவர்சீயர் என்ற முறையில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். லைசென்ஸ்காரர் முந்திக்கொண்டார்.

"அவரு எங்கிட்ட கூலிக்கு இருந்தவரு இல்லீங்க. தனி கான்ட்ராக்டர். ஊரைக் கேட்டுப் பாருங்க." சொல்லிவிட்டு, தூக்குக்குண்டு கட்டிய கட்டடங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். அம்பகரத்தூர் சமுதாயக் கூடம், கோட்டுச்சேரி மருந்தகம், பாலம், பள்ளிக்கூடம் என்று ஒன்று விடவில்லை. இத்தனை நாள் தன் பெயரில் வைத்திருந்ததையெல்லாம் இறக்கி வைத்தார். இத்தனை நிறைவான அனுபவச் சான்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தனி ஒப்பந்தக்காரர் என்று ஆகிவிட்டால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அவருடைய மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டடங்களின் பெயரைக் கேட்கக் கேட்க, அந்த அம்மாளின் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்தார். "என்ன சொல்லப் போறீங்கம்மா?"

"கூலிக்குத்தான் இருந்தாருன்னு. கான்ட்ராக்டர் இல்லேன்னு."

"சொல்லித்தானே ஆவணும். புள்ளைங்க இருக்கே." கையை விடவில்லை. "மெதுவாச் சொல்லுங்கம்மா."

எழுந்து நின்று சொன்னேன். அவர் தினக்கூலி மேஸ்திரி, ஒருநாளும் ஒப்பந்தக்காரராக இருந்ததில்லை.

"எழுதுறவருக்குக் கேக்கலே. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

இரண்டாவது தடவையும் மெதுவாகத்தான் சொன்னேன்.