பாம்புக்கு மாப்பிள்ளை பார்த்த லோஞ்சிக்கடை பாய்

ரங்கூனில் பாம்பு பிடிக்கிறவர்கள் உண்டு, பாம்பைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. பாம்புக்கு மாப்பிள்ளை பார்த்தவர் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லோஞ்சிக்கடை, அதாவது பர்மியக் கைலிக்கடை, வைத்திருந்த பாய் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. ‘பாம்பு பாய்’ என்றால் தெருநாய்கூட வழிகாட்டும்.

இரண்டாயிரமாம் ஆண்டு வாக்கில், கப்பலில் வேலை பார்த்த அவருடைய மைத்துனர் அமெரிக்காவிலிருந்து ஒரு ஜோடிப் பாம்பு கொண்டுவந்து கொடுத்தார். ‘கிங் ஸ்னேக்’ என்று பெயர், விஷம் கிடையாது. ஆண் வெள்ளை, சிவந்த கண், உடம்பெல்லாம் மஞ்சள் பட்டை. பெண் கறுப்பு, முதுகில் தலையிலிருந்து வால்வரை ஒரே கோடு. வேறு யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். முப்பது வருஷம் துணி விற்ற பாய் விரலால் தடவிப் பார்த்தார்.

“என்னா பார்டர் தம்பி! சாயம் போவாது, சுருங்காது. அந்த வெள்ளை ஒடம்புல இந்த ஒத்தக் கோடு மட்டும் வந்துச்சுன்னா, அப்படியொரு டிசைன் பர்மாவுலயே இருக்காது!”

அன்றே வேலையில் இறங்கிவிட்டார். மைத்துனர் கொடுத்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு, மாடியில் குடியிருந்த குமாஸ்தாவான என் தலையில் விழுந்தது. கடையில் வைத்த கண்ணாடிப் பெட்டியைப் புதுச் சரக்கு என்று எட்டிப் பார்த்த பெண்கள் “அமலே!” என்று பர்மியில் அம்மாவைக் கூப்பிட்டு அலறி, எடுத்த லோஞ்சியையும் போட்டுவிட்டு ஓடினார்கள்.

இந்த ஜாதி மற்ற பாம்புகளையே தின்னும் என்று புத்தகம் சொன்னது. ஆகவே ஜோடி சேர்க்கும் நாளில் இரண்டுக்கும் முதலில் எலி விருந்து. பிறகு பாய் கையில் குச்சியோடு நடுவில் உட்கார்ந்துகொண்டு, “சண்டை போடாம இருங்க. அவ ஒன் பொஞ்சாதிடா, சாப்பாடு இல்ல!” என்று புத்திமதி சொல்வார்.

எட்டு முட்டை. எட்டும் பொரிந்தன. எட்டும் கறுப்பு! கட்டடமே சிரித்தது. பாய் அசரவில்லை.

“வெள்ளை உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கு தம்பி. அடுத்த தலைமுறையில வெளிய வரும். புஸ்தகத்துல என்னா போட்டிருக்கு?”

தயங்கித் தயங்கிப் படித்தேன். “அண்ணன் தங்கச்சியைச் சேர்க்கணுமாம், பாய்.”

“தவ்பா, தவ்பா!” பாய் காதைப் பொத்திக்கொண்டார். வெளியில் மாப்பிள்ளை கிடைக்குமா என்று மைத்துனருக்கு மூன்று கடிதம் போட்டார். பதில் வரவில்லை. கடைசியில், “அதுங்களுக்கு நிக்காஹ் ஏது, பாவமும் ஏது?” என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

குட்டிகள் வளர மூன்று வருஷம் ஆயிற்று. இதற்கிடையில் வந்தது பெரிய சிக்கல். ஜோடி சேருமுன் பாம்புகள் குளிரில் கிடக்க வேண்டும். முதல் ஜோடி அமெரிக்கக் குளிரைப் பார்த்துவிட்டு வந்தது. ரங்கூனில் குளிருக்கு எங்கே போவது? குட்டிகளுக்குப் பழகட்டும் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, பாய் பாம்புகளோடு மேம்யோ மலைக்கு ரயிலேறினார். அவர் மனைவியை நாங்கள் லாத்தா என்போம். மூன்று வருஷம் பொறுத்த லாத்தா, நாலாவது டிசம்பரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்த தங்கை வீட்டுக்குப் படகேறிவிட்டார். போகும்போது எங்களிடம் சொன்னார்:

“கல்யாணமாயி இருவது வருசமாச்சு. பாம்புக்கு மேம்யோ, எனக்குக் கடையா? அதுங்களோடயே குடும்பம் நடத்தச் சொல்லுங்க!”

பாய் இடிந்துபோனார். மூன்று வருஷக் கனவு கைக்கெட்டும் நேரம். ஆனாலும் அன்று மாலை பாம்புகளைப் பார்க்கக்கூட இல்லை. மறுநாள் டாலா போய், வாசலிலேயே நின்று சொன்னாராம்: “கடையைப் பூட்டிட்டேன். நீ வந்தா மேம்யோ. வரலேன்னா பாம்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

லாத்தா கூடப் போனார். மேம்யோவில் நடந்ததைப் பாய் பிறகு தலையிலடித்துக்கொண்டு சொன்னார். இவர் பெட்டியைக் குளிரில் வைப்பாராம். லாத்தா சத்தமில்லாமல் தன் கம்பளிச் சால்வையால் மூடிவிடுவாராம். “அது குளுரணும்டி!” என்றால், “வாயில்லாத சீவன், பாவம்” என்பாராம். பத்து நாள் இந்தச் சால்வைப் போர் நடந்து, பதினோராம் நாள் சால்வையை லாத்தாவுக்கே போர்த்திவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டார் பாய். அப்புறம்தான் பாம்புகளுக்குக் குளிர் கிடைத்தது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் தங்கச்சி ஜோடியின் முட்டைகள் வெடித்தன. முதலாவது கறுப்பு. இரண்டாவது, மூன்றாவது கறுப்பு. பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நாலாவது முட்டையிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அரைமணி கழித்து உடம்பு வந்தது. பால்போல் வெள்ளை. முதுகில் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஒரே மஞ்சள் கோடு.

“யா அல்லா, இங்க வந்து பாருங்களேன்!” என்று கத்தியது லாத்தாதான்.

பாய் வந்து பார்த்தார். லோஞ்சி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குட்டியை மெதுவாக எடுத்து, “கைய நீட்டுங்க தம்பி. படிச்சுச் சொன்னது நீங்கதானே” என்றார்.

எனக்கு மண்புழுவைக் கண்டாலே வேர்க்கும். இருந்தும் நீட்டினேன். அன்றைக்குப் பாய் கேட்டிருந்தால், நாகப்பாம்புக்கும் நீட்டியிருப்பேன்.