தொட்டியில் குடியேறியவர்கள்

ஞானஸ்நான ஆராதனைக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தபோது, சபையின் முழுக்குத் தொட்டித் தண்ணீரில் ஏதோ வாலாட்டுவதை டீச்சர் பார்த்தார்.

குனிந்து பார்த்தார். ஒன்றல்ல, ஊர்வலம்.

"ஐயா, தவளைக் குஞ்சு!"

போதகர் எட்டிப் பார்த்தார். ஒல்லியான மனிதர். எட்டிப் பார்ப்பதற்குக்கூட இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

"அடடா, என்ன அழகு!"

"அழகு கிடக்கட்டும். நாளைக்குக் காலையில என் வீட்டுக்காரர் இதுல முழுகணும்."

டீச்சரின் கணவர் பேக்கரிக்காரர். தன் சரக்கைத் தானே ருசி பார்த்துப் பார்த்து, கடைக் கதவை அகலப்படுத்த வேண்டிய அளவுக்கு வளர்ந்தவர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று முழுக்கைத் தள்ளிப்போட்டவர், போன மாதம் ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே "சரி, எடுத்துக்கறேன்" என்றார். டீச்சர் காரணம் கேட்கவில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார் என்று பயம்.

"அள்ளி வெளியில விட்டுடலாம் ஐயா."

"எப்படி விடறது? தீர்மானம் இருக்கே."

இருந்தது. டீச்சரே எழுதியது. சபையின் சுற்றுச்சூழல் குழுவுக்கு அவர்தான் செயலாளர். சபை வளாகத்தில் குடியேறிய எந்த உயிரையும் வெளியேற்றக் கூடாது. ஒலிபெருக்கிக்குள் குருவி கூடு கட்டியபோது போட்ட தீர்மானம் அது. அன்றிலிருந்து பிரசங்கம் மைக் இல்லாமல்தான் நடக்கிறது. அதற்கப்புறம் கூட்டம் அதிகமாகித்தான் இருக்கிறது.

"ஆண்டவர் படைச்ச உயிர். நம்மகிட்ட ஒப்படைச்சிருக்கார்," என்றார் போதகர். "கால் முளைச்சா தானா போயிடும். ரெண்டு மூணு மாசம். அதுவரைக்கும் முழுக்கைத் தள்ளி வெச்சா என்ன?"

டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று மாதம் தள்ளினால் அது இன்னொரு பத்தொன்பது வருஷத்துக்குப் போகும்.

"வெளியேற்றக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு? உள்ளேயே இடம் மாத்தலாம்."

போதகரின் முகம் சுருங்கியது.

டீச்சர் டீ வடிகட்டியோடு இறங்கினார். ஒரு வாளியைக் குழாயடியில் வைத்தபோது போதகர் பின்னாலேயே வந்தார்.

"குழாய்த் தண்ணியில குளோரின் இருக்குமே. தாங்குமா?"

விலங்கியல் நடத்தும் டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டார்.

"நெருக்கியடிச்சா மூச்சு முட்டிடும் டீச்சர். கொஞ்சம் தாராளமா விடுங்க."

தாராளமாக விட்டார். வாளிகள் நிறைந்தன. சபை விருந்துக்கான அண்டாக்கள் நிறைந்தன. பாடகர் குழு அறையில் இருந்த கூஜாவைக்கூட விடவில்லை. இருட்டுவதற்குள் எல்லாக் குஞ்சுகளும் வசதியாகக் குடியேறிவிட்டன. தொட்டியில் முழங்கால் அளவுதான் தண்ணீர் மிச்சம்.

"குழாயைத் திறந்து விட்டுடலாமா?"

"அதுக்கும் தீர்மானம் இருக்கே. தொட்டிக்கு மழைத் தண்ணி மட்டும்தான்."

டீச்சருக்குத் தன் கையெழுத்தின் மேலேயே கோபம் வந்தது. வானத்தைப் பார்த்தார். துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"தள்ளி வைக்கிறதைத் தவிர வேற வழியில்லை," என்றார் போதகர், மிகுந்த வருத்தத்தோடு. வீட்டுக்குப் போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

டீச்சர் நேராக பேக்கரிக்குப் போனார்.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே கொண்டு வந்து விட்டீங்க?"

"எதை?"

"தவளையை."

"நானே பன்னுக்குள்ள திராட்சை வைக்க நேரமில்லாம திண்டாடறேன். தவளையை எங்க போய்த் தேடுவேன்?" அவர் முகம் வாடிவிட்டது. "நிஜமாவே முழுகணும்னுதான் சொன்னேன். நீகூட நம்பலையா?"

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து அழுதார். கணவர் மாவுக் கையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"தண்ணி எவ்வளவு இருக்கு?"

"முழங்கால்."

"நான் உட்கார்ந்தா?"

டீச்சர் அழுகையை நிறுத்தினார். தொட்டியின் நீள அகலத்தை மனதுக்குள் பெருக்கினார். கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்தச் சுற்றளவை அவர் நன்றியோடு பார்த்தது அதுவே முதல் தடவை.

"நெஞ்சு வரைக்கும் ஏறும்," என்றார்.

மறுநாள் காலை சபை நிரம்பியிருந்தது. வெள்ளை அங்கியில் பேக்கரிக்காரர் படியிறங்கி, தொட்டிக்குள் மெதுவாக உட்கார்ந்தார். தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு நெஞ்சு வரை ஏறியது. சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அண்டாக்களிலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை.

போதகர் மட்டும் முதல் படியிலேயே நின்றார்.

"இறங்குங்க ஐயா," என்றார் டீச்சர்.

"இவர் நின்னுக்கிட்டு இருந்தா பின்னால சாய்ச்சுத் தூக்கலாம். தண்ணியே பாதி பாரத்தைத் தாங்கிடும். இப்படி உட்கார்ந்துட்டா நான் ரெண்டா மடங்கணுமே."

"மடங்குங்க."

போதகர் பேக்கரிக்காரரைப் பார்த்தார். பிறகு அண்டாக்களைப் பாசத்தோடு பார்த்தார்.

"அந்தத் தீர்மானத்தை இன்னொரு தடவை படிச்சுப் பார்த்துட்டு..."

முன் வரிசையில் போதகரம்மா எழுந்தார். கையில் தைலப் புட்டி. மைக் இல்லாத சபை என்பதால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

"இவரைத் தூக்கினா இடுப்பு போயிடும்னு பயந்து, குளத்துலேர்ந்து தவளை முட்டையை வாளி வாளியாச் சுமந்துக்கிட்டு வந்து இதுல கொட்டினீங்களே, அன்னிக்கே போயிடுச்சு உங்க இடுப்பு. இனிமே என்ன பயம், இறங்குங்க!"