இலவச இடத்துப் பெண் மயில்

எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. பால் பொங்கி வழிந்ததுகூட என் நாட்குறிப்பில் மணி, நிமிடத்தோடு இருக்கும். (அடுப்பை அணைக்காமல் ஏன் எழுதப் போனேன் என்பது என் மனைவி சுமதியின் நிரந்தரக் கேள்வி.)

மகள் இளவரசிக்குத் தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் இலவச ஒதுக்கீட்டு இடம் குலுக்கலில் விழுந்த நாளில், ‘கட்டணத்தை அரசு கட்டும். இனி நமக்குச் செலவில்லை’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். பள்ளி திறந்த வாரமே அந்த வரிக்கு அடிக்குறிப்புகள் சேர்ந்தன. புத்தகம், சீருடை, ஷூ, அடையாள அட்டை. யோகாவுக்குத் தனி, யோகா செய்யும் பாய்க்குத் தனி. மணமேல்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் ஒவ்வொரு ரசீதையும் மூன்று பிரதி எடுத்தேன். அதனால் எந்தப் பயனும் இல்லை.

பிறகு ஆண்டு விழா வந்தது. மயில் நடனம், உடை வாடகை ஆயிரத்து இருநூறு. பிரின்சிபாலிடம் போனேன்.

“மேடம், இலவச இடம்னுதானே சொன்னீங்க?”

“இடம் இலவசந்தாங்க சார். மயிலு இலவசம் இல்ல. கட்டலைன்னா பாப்பா கீழ ஒக்காந்து கைதட்டட்டும்.”

பாப்பா இரண்டு வாரமாக வீட்டில் கழுத்தை வெட்டி வெட்டித்தான் நடந்துகொண்டிருந்தாள்.

“உடைய நானே தச்சுக் கொண்டுவாரேன்.”

“மயிலு மாதிரி இருக்கணும் சார்.”

“மயிலாவே இருக்கும் மேடம்.”

இந்த இடத்தில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது. நூலகத்தில் மூன்று பறவை நூல்களைப் புரட்டினேன். போதாமல், விராலிமலைக்கே பஸ் ஏறிப் போய் மயில்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். நீல உடம்பும் தோகையும் ஆணுக்கு. பெண் மயில் பழுப்பு, வயிறு வெள்ளை. என் மகள் பெண். முடிவு எடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சுமதியின் பழைய பழுப்புச் சேலை உடையானது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, தோகை எங்க?”

“பெண் மயிலுக்குத் தோகை கெடையாது.”

“அத அங்க யாருங்க கேக்கப் போறா?”

“உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

மாலை ஆறு நாற்பதுக்குத் திரை விலகியது. மேடையில் பதினோரு சிறுமிகள் நீல மயில்களாகத் தோகை விரித்து நின்றார்கள். நடுவில் என் மகள்.

பின்வரிசையில் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: “கோழி எங்கிட்டிருந்துப்பா வந்துச்சு?”

பந்தலே சிரித்தது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். பாட்டு முடியும்வரை சரிசெய்தேன். (இளவரசி ஓர் அடியும் தப்பாமல் ஆடினாள் என்பது சுமதி சொல்லித்தான் தெரியும்.)

சிறப்பு விருந்தினர் மைக்கோடு அவள் பக்கம் குனிந்தார். “பாப்பா என்ன கோழி? நாட்டுக்கோழியா?”

“நான் பொம்பள மயிலு” என்றாள் இளவரசி. மற்ற பதினோரு பேரையும் காட்டி, “இவங்கள்லாம் ஆம்பளைங்க” என்றாள்.

அந்த மேடையிலேயே அவளுக்குச் சிறப்புப் பரிசு அறிவித்தார்கள். மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டார். பரிசு வாங்கிய போட்டோவுக்கும் பிரேமுக்கும் முந்நூறாம். முதன்முறையாக ரசீது கேட்காமல் கொடுத்தேன்.

அந்தப் போட்டோ இன்றும் என் கடையில் தொங்குகிறது. கீழே, ‘கோழி வேடம், சிறப்புப் பரிசு’ என்று பள்ளியே அச்சடித்திருக்கிறது. இளவரசி இப்போது ஐந்தாம் வகுப்பு. குழாய் ஒழுகினாலும் மின்விசிறி நின்றாலும், “ஆள் எதுக்கு? நானே செய்யறேன்” என்று நான் எழுந்தால், தாயும் மகளும் ஒரே குரலில் கேட்கிறார்கள்:

“தோகை வருமா, வராதா?”